ஹைட்ரஜனைச் சேமித்து மின்சாரமாக்குவது: எங்கே எடுபடுகிறது, எங்கே எடுபடவில்லை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல்லடம் பக்கத்தில் உங்களுக்குத் தோட்டத்து வீடு. கூரையில் 10 கிலோவாட் சோலார். பகலில் மிஞ்சும் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கிச் சேமித்து, இரவில் ஃபியூயல் செல் வழியாகத் திரும்ப மின்சாரமாக்க முடியுமா, அது பேட்டரியைவிட மேலா, இந்தத் தொழில்நுட்பம் உண்மையில் எங்கேதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் இதையே புராஜெக்டாக எடுக்க நினைக்கிறான் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். ஒரு கிலோ ஹைட்ரஜனின் வரவுசெலவைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்து ஒரு கிலோ எடுக்க இன்றைய இயந்திரங்கள் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் கேட்கின்றன. கூடவே சுமார் 9 லிட்டர் தண்ணீர். அதுவும் போர்வெல் தண்ணீர் ஆகாது, உப்பு முழுவதும் நீக்கியதாக இருக்க வேண்டும். அந்த ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றல் 33 யூனிட். ஃபியூயல் செல் அதில் பாதியைத்தான் மின்சாரமாகத் தரும், மீதி வெப்பமாகப் போய்விடும். 55 யூனிட் போட்டால் 16, 17 யூனிட் கைக்கு வரும். நடுவில் கம்ப்ரஸர் வைத்தால் அதற்கும் ஒரு பங்கு அழ வேண்டும்.

உங்கள் பேனல்கள் நல்ல வெயில் நாளில் 40 யூனிட் தருவதாகவும், இரவுக்கு 12 யூனிட் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். லித்தியம் பேட்டரியில் 14 யூனிட் ஏற்றினால் காரியம் முடிந்தது. ஹைட்ரஜன் வழியில் போனால் அந்த நாளின் 40 யூனிட்டும் அந்த 12 யூனிட்டுக்கே சரியாகப் போய்விடும். பகலில் கிணற்று மோட்டார் ஓட்ட எதுவும் மிஞ்சாது.

இதே கணக்கை நம் ஊரிலேயே ஒரு பெரிய இடத்தில் போட்டுப் பார்க்கலாம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தயாரிக்கும் சோதனை ஆலையைத் திறந்தார்கள். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் என்று அறிவித்தார்கள். 10 கனமீட்டர் என்பது எடையில் 900 கிராம். ஏறத்தாழ 50 யூனிட்டை உள்ளே விட்டு 15 யூனிட்டுக்கு விளக்கெரிக்கும் ஏற்பாடு இது. துறைமுகத்துக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. பசுமை எரிபொருளைக் கப்பல்களுக்கு நிரப்பும் இடமாக மாற நினைக்கிறார்கள். ஊழியர்களுக்குக் கை பழக ஒரு சிறிய ஆலை வேண்டும். தெருவிளக்குக்காக மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பிறகு ஏன் உலகம் இதன் பின்னால் போகிறது? சில இடங்களில் இந்த நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், சில இடங்களில் வேறு வழியே இல்லை. அந்த இடங்களை அடையாளம் காண ஃபியூயல் செல்லைவிடச் சேமிப்புத் தொட்டியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பேச்செல்லாம் செல்லைப் பற்றியே நடக்கிறது, முடிவு எடுப்பதென்னவோ தொட்டிதான்.

செல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் குரோவ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1839இல் செய்துகாட்டியது இன்றும் அடிப்படையில் மாறவில்லை. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, இருபுறமும் பிளாட்டினத் துகள் பூசிய கார்பன் படலம், ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. சவ்வு புரோட்டானை மட்டும் உள்ளே விடும். எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சுற்றில்தான் விளக்கெரிகிறது. ஒரு செல்லில் சுமை ஏற்றினால் 0.6, 0.7 வோல்ட்தான் கிடைக்கும், அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். அடுக்கின் ஒவ்வொரு தட்டிலும் நூல் பருமனில் வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். வாயு போவதும் விளைந்த தண்ணீர் வெளியேறுவதும் அவற்றின் வழியேதான். சவ்வு காய்ந்தால் புரோட்டான் நகராது. ஈரம் மிஞ்சினால் வாய்க்கால் அடைபட்டு அந்தச் செல் பட்டினி கிடக்கும். ஓட்டுபவருக்குப் பாதி வேலை இந்த ஈரத்தைக் கவனிப்பதுதான். வாயுவும் சுத்தமாக இருக்க வேண்டும். வாகன ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு ஒரு கோடியில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேசத் தரம். மீறினால் அது பிளாட்டினத்தைப் போய் மூடிக்கொள்ளும்.

இனி தொட்டி. எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல். ஆனால் சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 11,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். எல்லாத் தொல்லையும் இங்கிருந்து தொடங்குகிறது.

தொழிற்பேட்டைகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிவப்பு நிறச் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வால்வின் மரை இடப்பக்கம் திரும்பும். எரியும் வாயுவை ஆக்சிஜன் குழாயில் யாரும் தவறி மாட்டிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒருவர் சாய்த்து உருட்டிக்கொண்டு போகும் அந்த இரும்பு ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. உள்ளே 7 கனமீட்டர் வாயு இருக்கும், எடை சுமார் 600 கிராம். மொத்த எடையில் ஒரு சதவீதம்தான் சரக்கு, மற்றதெல்லாம் இரும்பு. அதிலிருந்து 10 யூனிட் மின்சாரம் எடுக்கலாம்.

இரும்பைக் கார்பன் இழைக்கு மாற்றினால் நிலைமை மேம்படுகிறது. 2014இல் டொயோட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் காரில் பிளாஸ்டிக் உள்ளுறைமேல் கார்பன் இழை சுற்றிய தொட்டிகளில் 700 பார் அழுத்தத்தில் 5 கிலோ ஹைட்ரஜன் இருந்தது. எடையில் 5.7 சதவீதம் சரக்கு. இந்தத் துறையில் அதுவே பெரிய சாதனை. 700 பாரிலும் ஒரு லிட்டரில் 40 கிராம்தான் அடங்கும். நிரப்பும்போது தொட்டிக்குள் வாயு நெருக்கப்பட்டுச் சூடேறுவதால், நிலையத்தில் அதை முன்கூட்டியே மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்புகிறார்கள். வாயு போவது குளிராக, வெளியே காற்றில் ஈரம். நிரப்பி முடித்ததும் குழாய்முனை காரோடு சேர்ந்து உறைந்து, கழற்ற வராமல் ஓட்டுநர் சில நிமிடம் நிற்பதுண்டு. கலிபோர்னியாவிலேயே இந்தப் புகார் உண்டு. நம் கடற்கரை ஊர்களின் ஐப்பசி ஈரத்தில் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

திரவமாக்கினால் லிட்டருக்கு 71 கிராம். அதற்கு மைனஸ் 253 டிகிரி வேண்டும். கிலோவுக்கு 10 யூனிட்டுக்கு மேல் குளிர்விக்கவே செலவாகும். இதில் வேடிக்கையான ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் ஆர்த்தோ, பாரா என்று இரண்டு வகை. அறை வெப்பத்தில் முக்கால் பங்கு ஆர்த்தோ. குளிரில் அது மெல்ல மெல்லப் பாராவாக மாறும், மாறும்போது வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் திரவத்தை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்தைவிட அதிகம். அதனால் அவசரமாகத் திரவமாக்கித் தொட்டியில் ஊற்றிவைத்தால், வெளியிலிருந்து துளி வெப்பம் புகாவிட்டாலும் தன் வெப்பத்திலேயே கொதித்துப் பெரும்பகுதி ஆவியாகிவிடும். திரவமாக்கும்போதே வினையூக்கி வைத்து இந்த மாற்றத்தை முடித்துவிட வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிப்பது திரவ ஹைட்ரஜனில்தான். ராக்கெட்டுக்குச் சில நாள் தாங்கினால் போதும், நட்டமும் பொருட்டில்லை.

மூன்றாவது வழி உலோக ஹைட்ரைடு. லாந்தனம்–நிக்கல் போன்ற கலப்பு உலோகத்தின் அணுக்களுக்கு நடுவே ஹைட்ரஜன் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் குறைவு, கன அளவில் திரவ ஹைட்ரஜனைவிட நெருக்கமாக அடங்கும். குறை, எடை: 100 கிலோ உலோகத்தில் ஒன்றரைக் கிலோகூட ஏறாது. மக்னீசியம் ஏழு சதவீதத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் திருப்பித் தர 300 டிகிரி சூடு கேட்கும்.

நான்காவதாக நிலத்தடி. இங்கிலாந்தின் டீஸைடில் 1972 முதலே உப்புப் படிவத்துக்குள் குடைந்த குகைகளில் ஹைட்ரஜனைச் சேமிக்கிறார்கள், டெக்சாஸிலும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டெல்டா என்ற ஊரில் 220 மெகாவாட் மின்னாற்பகுப்பு இயந்திரங்களோடு இரண்டு பெரிய குகைகளைக் கட்டியிருக்கிறார்கள். வசந்த காலத்தில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தைக் கோடையின் உச்சத் தேவைக்கு ஒதுக்கிவைப்பது திட்டம். மாதக்கணக்கில் சேமிக்க வேண்டுமென்றால் பேட்டரி கட்டுப்படியாகாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நிரம்பிக் காலியாகும் பேட்டரிக்கு யார் முதல் போடுவார்கள்? உண்மையில் தமிழ்நாட்டுக்குப் பொருந்த வேண்டிய பயன்பாடு இதுதான். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் உங்கள் பல்லடத்திலும் வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றாலைகள் சுழன்று தள்ளும். தை, மாசியில் சும்மா நிற்கும். நம் துரதிர்ஷ்டம், காலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குகையாக்கத் தடித்த உப்புப் படிவம் இல்லை.

இப்போது எடுபட்ட இடங்களைப் பாருங்கள். தொட்டியின் குறை எங்கே குறையாகவே தெரியவில்லையோ அங்கெல்லாம் இது நிலைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் 212ஏ ரக நீர்மூழ்கிக் கப்பல். டீசல் நீர்மூழ்கி பேட்டரியில் சில நாள்தான் அடியில் தங்கும்; பிறகு மூச்சுக்குழாயை வெளியே நீட்டியாக வேண்டும், அப்போது எதிரி கண்ணில் படும். 212ஏயில் சீமென்ஸ் செய்த ஃபியூயல் செல்கள், திரவ ஆக்சிஜன், ஹைட்ரஜனுக்கு உலோக ஹைட்ரைடு உருளைகள். டன் கணக்கில் எடையுள்ள அந்த உருளைகளைக் கப்பல் உடலின் வெளிப்புறத்தில் வைக்கிறார்கள். காருக்கு ஆகாத அந்த எடை, கடலுக்கடியில் எப்படியும் பாரம் சுமந்தாக வேண்டிய கப்பலுக்கு ஒரு பொருட்டே இல்லை. செல்லில் சுழலும் பாகம் இல்லாததால் சத்தமும் இல்லை. 2013இல் யு–32 என்ற கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது 18 நாள் மேலே வராமல் ஓடியது. நம் டிஆர்டிஓ வேறு வழியில் போகிறது. அம்பர்நாத்தில் உள்ள கடற்படைப் பொருள் ஆய்வகம் உருவாக்கிய பாஸ்போரிக் அமில வகைச் செல்லில், ஹைட்ரஜனைச் சேமித்துவைக்காமல் கப்பலுக்குள்ளேயே தயாரித்துக்கொள்வார்கள். தரையில் வைத்துச் செய்த சோதனை 2021 மார்ச்சில் முடிந்தது.

விண்வெளியில் கதை இன்னும் பழையது. 1965இல் அமெரிக்காவின் ஜெமினி–5, பிறகு அப்பல்லோ, அதன்பின் விண்வெளி ஓடங்கள். எரிபொருளும் ஆக்சிஜனும் எப்படியும் ஏற்றிச் செல்லும் வண்டி. செல்லில் விளையும் தண்ணீரைக் குடிக்கலாம். அப்பல்லோ–13இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும் மின்சாரமும் தண்ணீரும் ஒன்றாகப் போனதற்குக் காரணம் இந்தப் பிணைப்புதான். இஸ்ரோவும் 2024 ஜனவரியில் பிஎஸ்எல்வி–சி58இன் நான்காம் கட்டத்தில் ஒரு சிறிய ஃபியூயல் செல்லை வைத்து ஓட்டிப்பார்த்தது.

வெளிச்சத்துக்கு வராத வெற்றி கிடங்குகளில் இருக்கிறது. அமெரிக்காவில் வால்மார்ட், அமேசான் போன்றோரின் கிடங்குகளில் பல்லாயிரக்கணக்கான ஃபோர்க்லிஃப்டுகள் ஃபியூயல் செல்லில் ஓடுகின்றன. ஈய–அமில பேட்டரியை மாற்றிப் போட ஓர் அறை, ஒரு ஆள், மணிக்கணக்கில் சார்ஜ், குளிர்பதனக் கிடங்கில் திறன் குறைவு என்ற தொல்லைகளுக்கு எதிரே மூன்று நிமிடத்தில் நிரப்பிவிட்டு அடுத்த ஷிப்ட் தொடங்கலாம். வண்டி கிடங்கை விட்டு வெளியே போவதில்லை, ஆகவே ஒரே ஒரு நிரப்பும் இடம் போதும். பின்பக்கம் பாரம் இல்லாவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் முன்னால் கவிழ்ந்துவிடும் என்பதால், பேட்டரி இருந்த இடத்தில் வைக்கும் ஃபியூயல் செல் பெட்டிக்குள் வேண்டுமென்றே இரும்பைச் சேர்த்து எடை கூட்டுகிறார்கள்!

ஜப்பானில் 2009இல் வந்த எனேஃபார்ம் என்ற வீட்டு ஃபியூயல் செல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இருக்கிறது. "அப்படியானால் வீட்டுக்கு ஆகும்தானே" என்று கேட்பீர்கள். அதில் ஹைட்ரஜன் தொட்டியே கிடையாது. தெருவில் வரும் எரிவாயுவிலிருந்து அந்தந்த நொடிக்குத் தேவையான ஹைட்ரஜனைப் பிரித்து 700 வாட் அளவில் மின்சாரம் செய்கிறது. வீணாகும் வெப்பத்தில் குளிக்க வெந்நீர் தருகிறது. குளிர்நாட்டு வீட்டுக்கு அந்த வெந்நீர் பாதி வருமானம். திருச்சி ஆர்இசியில் (இன்றைய என்ஐடி) படித்த கே.ஆர்.ஸ்ரீதர் தொடங்கிய புளூம் எனர்ஜி நிறுவனம் தரவு மையங்களுக்கு விற்கும் ஃபியூயல் செல் பெட்டிகளும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில்தான் ஓடுகின்றன. தொட்டியைத் தவிர்த்தவர்கள் தப்பித்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கார் எடுபடவில்லை. கலிபோர்னியாவில் சில நிலையங்களில் கிலோ விலை 36 டாலர் வரை ஏறியது. ஷெல் நிறுவனம் 2024இல் அங்கே கார்களுக்கான தன் நிலையங்களை மூடிவிட்டது. ரயிலில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் 2018இல் அல்ஸ்தோமின் ஹைட்ரஜன் ரயில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 2022இல் ஒரே நிரப்பலில் 1,175 கிலோமீட்டர் ஓடியும் காட்டியது. அடுத்த ஆண்டே அதே மாநில ரயில் நிறுவனம் இனி பேட்டரி ரயில்தான் வாங்குவோம் என்று அறிவித்தது. ஓட்டும் செலவு குறைவாம். சென்னை ஐசிஎஃபில் உருவான நம் ஹைட்ரஜன் ரயில் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபத் இடையே 89 கிலோமீட்டர் பாதைக்கானது. பெரும்பாலான பாதைகளுக்கு மேலே மின்கம்பி போட்டுவிட்ட நாட்டில் இதற்கு மிஞ்சும் இடம் மலை ரயில்கள்தான் என்பது என் கணிப்பு. லே நகரத்துக்கு அரசு மின் நிறுவனமான என்டிபிசி கொண்டுவந்த ஐந்து ஹைட்ரஜன் பஸ்களை நான் குறை சொல்லமாட்டேன். 3,650 மீட்டர் உயரத்துக்கு டீசலை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதைவிடப் பக்கத்திலேயே சூரிய ஒளியில் வாயு செய்துகொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

நீங்கள் நினைத்ததை ஒரு தீவே செய்து பார்த்துவிட்டது. நார்வேயின் உட்சிரா தீவில் 2004இல் காற்றாலை, மின்னாற்பகுப்பு இயந்திரம், 200 பார் தொட்டி, ஃபியூயல் செல் எல்லாம் வைத்துப் பத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். காற்றே இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாள் தாங்கும். வீடுகளுக்கு விளக்கு தடையின்றி எரிந்தது. ஆனால் 10 கிலோவாட் ஃபியூயல் செல் தொல்லை கொடுத்தது. ஹைட்ரஜனை எரிக்கும் 55 கிலோவாட் எஞ்சின்தான் பெரும்பாலும் சுமையைத் தாங்கியது. சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சமையல் எரிவாயு கசிந்தால் தரையில் தங்கும்; ஹைட்ரஜன் கூரைக்கு ஏறும். நம் கை பழகிய எச்சரிக்கைகள் இதற்குத் தலைகீழ். காங்கிரீட் அறையில் வைத்தால் கூரை மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். உச்சியில் திறப்புள்ள ஷெட் நல்லது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையும் தீப்பற்றும். பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அமெரிக்க ராக்கெட் நிலையங்களில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம், அது பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது. 2019இல் நார்வேயின் சான்ட்விகா நிரப்பு நிலையம் வெடித்ததற்குக் காரணம், உயர் அழுத்தத் தொட்டியின் மூடியைச் சரியாக முடுக்காதது. அதே ஆண்டு தென் கொரியாவின் காங்னுங்கில் ஹைட்ரஜன் தொட்டிக்குள் ஆக்சிஜன் கலந்து வெடித்து இருவர் இறந்தார்கள். வீட்டில் இதை யார் தினமும் பார்த்துக்கொள்வது?

மகன் விஷயம் வேறு, அவன் செய்யட்டும். சிவப்புச் சிலிண்டர் வேண்டாம். கல்லூரி ஆய்வகத்துக்கென்றே விற்கும் சில பத்து வாட் செல்லும், கையில் பிடிக்கும் அளவுள்ள உலோக ஹைட்ரைடு பாட்டிலும் போதும். ஜன்னல் திறந்த இடத்தில், ஆசிரியர் முன்னிலையில். தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் ஏஆர்சிஐ என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் ஃபியூயல் செல் மையமும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியும் இருக்கின்றன. கல்லூரி வழியாகக் கடிதம் எழுதிப் பார்க்கலாம். "ஹைட்ரஜனில் விளக்கெரித்தேன்" என்று செய்வதைவிட, அந்தப் பாட்டிலின் வெளிப்புற வெப்பநிலையையும் வாயு வரத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கச் சொல்லுங்கள். வாயு வெளியேற வெளியேறப் பாட்டில் சில்லிட்டு, வரத்து குறைந்து, விளக்கு மங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் திரும்பப் பிரகாசிக்கும். அந்த வெந்நீருக்குப் பதில் செல்லில் வீணாகும் சூட்டையே பாட்டிலுக்குத் திருப்பிவிட்டால் எத்தனை நிமிடம் கூடுதலாக எரிகிறது என்று அளந்தால் உருப்படியான புராஜெக்ட். ஜெர்மன் நீர்மூழ்கியிலும் ஹைட்ரைடு உருளைகளைச் சூடாக்குவது செல்லின் கழிவு வெப்பம்தான்.